கோடிச் சேலைக்கு வந்தவர்

கடைக்கு வருகிறவரை எப்படி வரவேற்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க பெங்களூரிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கலாம். நான் ஒப்பணக்கார வீதியில் சேலை எடுத்துப்போட ஆரம்பித்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. "சிரிங்க அங்கிள், பல்லு தெரியணும்" என்றாள். காட்டினேன். வேறு என்ன செய்வது, ஐம்பத்துநாலு வயதில் எவன் எனக்கு வேறு வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்.

என் பெயர் மயில்சாமி. பட்டுக்கும் பருத்திக்கும் நடுவில் இருக்கிற சாதாரணச் சேலைப் பிரிவு என்னுடையது. கடையை வைத்தவர் வேங்கடசாமி நாயுடு. அவர் பக்கவாதம் வந்து வீட்டோடு படுத்த பிறகு மகன் கிஷன் வந்து உட்கார்ந்தான். கிஷனைக் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாளும் என்னை ‘ங்க’ போடாமல் கூப்பிட்டதில்லை. கழுத்தை அறுத்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பான்.

ஜனவரியில் ஒவ்வொரு மேசைக்கு மேலேயும் ஒரு கேமரா வைத்தார்கள். அதற்குக் காதும் உண்டு. நாங்கள் சொல்ல வேண்டியது மூன்றே வாக்கியம். ஆள் வந்ததும் சிரித்த முகத்தோடு "வாங்க வாங்க, வணக்கமுங்க". அடுத்து, "என்ன விசேஷமுங்க?" அனுப்பும்போது கைகூப்பி, "ரொம்ப நன்றிங்க, மறுபடியும் வாங்க". இதையெல்லாம் பெங்களூரில் ஒரு கம்பெனி உட்கார்ந்து பார்த்து மார்க் போடும். ஒரு வாக்கியம் விட்டுப்போனாலும் பெயருக்கு நேராக ஒரு சிவப்பு விழும். ஒரு வருஷத்துக்குள் மூன்று சிவப்பு விழுந்தால் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். பிப்ரவரி முடிவதற்குள் என் பெயருக்கு நேராக இரண்டு விழுந்திருந்தது.

இரண்டும் கோடியால் வந்த வினை.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் ஆம்பிளை செத்துப்போனால், அவன் பெண்டாட்டிக்குப் பிறந்த ஊட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வர வேண்டும். அதைத்தான் கோடி என்பது. அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போட வேண்டும். அது வந்து சேர்ந்த பிறகுதான் மற்றதெல்லாம். அதனால் கோடிக்கு வருகிறவருக்கு நேரம் கிடையாது. அப்படி வருகிறவரை நான் மாடிப்படியிலேயே கண்டுபிடித்துவிடுவேன். பெண்கள் கூட இருக்க மாட்டார்கள். நாற்காலியைக் காட்டினால் உட்கார மாட்டார்கள். நிறம் சொல்ல மாட்டார்கள், ஜரிகை கேட்க மாட்டார்கள். "ஒரு சேலை வேணுமுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்ப்பார்கள்.

அவரிடம் "வாங்க" என்று சொல்லக்கூடாது. என்ன விசேஷம் என்று கேட்கக்கூடாது. கட்டப்போகிறவளுக்கு "வயசு எத்தனைங்க" என்று மெதுவாக ஒன்று கேட்டால் போதும், அவருக்கும் புரிந்துவிடும். இரண்டே சேலை எடுத்து வைக்க வேண்டும். பத்தை விரித்துப்போட அது கல்யாணமா என்ன. பூப்போட்ட பையில் போடாமல் பேப்பரில் சுற்றிக் கொடுக்க வேண்டும். போகும்போது தலையை மட்டும் ஆட்ட வேண்டும். ‘மறுபடியும் வாங்க’ என்று சொன்னால், மறுபடியும் இதற்கே வா என்று சொன்னதாகிவிடும். நான் பாட்டுக்கு இதைத்தான் சர்வீஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் ஒருவர் வந்தார், பிப்ரவரியில் ஒருவர். இரண்டு பேரையும் நான் அந்த முறைப்படியே அனுப்பினேன். கேமராவில் எப்படித் தெரிந்திருக்கும்? மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட ஒரு கிழவன், வந்தவரை வாங்க என்று கூடச் சொல்லாமல் இரண்டு சேலையை எடுத்துப்போட்டு விரட்டிவிட்டான். அப்படித்தான் தெரிந்திருக்கும்.

கிஷன் என்னை அறைக்குக் கூப்பிட்டான். "ஏனுங்க மயிலண்ணா, ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"இல்லீங்க."

"இன்னொண்ணு விழுந்துச்சுன்னா என் கைல இல்லீங்க. நீங்க அப்பா காலத்து ஆளு. பாத்துக்குங்க."

கோடியைப் பற்றி அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் சிரித்துவிடுவானோ என்று பயமா, எதிர்த்துப் பேசுகிறான் என்று நினைத்துவிடுவானோ என்று பயமா, இப்போதும் எனக்குத் தெரியாது. உக்கடத்தில் வாடகை வீடு. மகன் காலேஜில் மூன்றாம் வருஷம் படிக்கிறான். "சரிங்க, பாத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச்சில் ஒரு மத்தியானம் அவர் வந்தார். அறுபது வயதிருக்கும். பல்லடம் பக்கத்து ஆள் என்று பேச்சில் தெரிந்தது. வேட்டியில் செம்மண், தோளில் துண்டு. படியேறி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார், நாற்காலியைத் தொடவில்லை. எனக்குத் தெரிந்துபோயிற்று. என் தலைக்கு மேலே கேமராவும் இருந்தது.

பல்லைக் காட்டினேன். "வாங்க வாங்க, வணக்கமுங்க."

வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்து அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"என்ன விசேஷமுங்க?" என்றேன்.

தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டார். "விசேஷமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தங்கச்சி ஊட்டுக்காரரு தவறிட்டாருங்க. கோடிக்குங்க."

அவர் கோபப்படவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கோபம் வந்து தொலையாது. எவ்வளவு மட்டமாக நடத்தினாலும் ஒரு ‘ங்க’ போட்டு வாங்கிக்கொள்வார்கள். அவர் என் கன்னத்தில் ஒன்று கொடுத்திருந்தால் அன்று ராத்திரி நான் தூங்கியிருப்பேன்.

வயதைக் கேட்டேன். ஐம்பத்திரண்டு என்றார். இரண்டு சேலை வைத்தேன். முதல் சேலையைக் காட்டினார். பில் போட்டு, பூப்போட்ட பையில் போட்டு, நீட்டினேன். மூன்றாவது வாக்கியம் மிச்சம் இருந்தது. கைகூப்பினேன்.

"ரொம்ப நன்றிங்க. மறுபடியும் வாங்க."

அவருக்கும் பிறந்ததிலிருந்து பழகின வாய் அல்லவா. யாராவது போய்வரச் சொன்னால் என்ன பதில் சொல்வோமோ அதை அது தானாகவே சொல்லிவிட்டது. "சரிங்க, வாரேனுங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. தோளில் கிடந்த துண்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே நின்றார். துண்டுக்கு மேலே கண்கள் இரண்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் கூப்பிய கையை இறக்கவில்லை, பல்லையும் மூடவில்லை. அவர் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அந்த வாரம் எனக்கு நூற்றுக்கு நூறு. வாடிக்கையாளரே திரும்ப வருவதாக வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார் அல்லவா, கம்பெனிக்காரன் அதற்குத் தனியாகப் பாராட்டு எழுதியிருந்தான். காலைக் கூட்டத்தில் எல்லாரையும் கைதட்டச் சொல்லி, கிஷன் என் கையில் ஒரு மைசூர்பாகு டப்பா கொடுத்தான். வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி சாந்தாமணி எதற்கு என்று கேட்டாள். நல்லா வேலை செய்ததற்கு என்றேன். நான் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. அதனால் என்ன, வெட்கம் கெட்ட வேலையைச் செய்தது செய்ததுதானே.

ஏப்ரலில் சண்முகப்பிரியாவை என் பிரிவுக்கு மாற்றினார்கள். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். முப்பத்துநாலு வயது, எட்டாவது படிக்கிற ஒரு மகள். புருஷன் பவுண்டரியில் வேலை செய்துகொண்டிருந்தபோது நாலு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டான். வேலையில் கெட்டிக்காரி. சேலையைப் பிரித்துத் தோளில் போட்டுக் காட்டினாள் என்றால் வாங்க வராதவளும் வாங்கிக்கொண்டு போவாள். ஆனால் மே மாதம் முடியும்போது அவள் பெயருக்கு நேராகவும் இரண்டு சிவப்பு. இரண்டும் கோடிக்கு வந்தவர்களால்தான்.

அவளுக்குப் புத்தி சொன்னது நான்தான். சாப்பாட்டு நேரத்தில் பின்கட்டில் வைத்து நன்றாகத் திட்டினேன்.

"உனக்கென்ன கிறுக்கா அம்மணி? மூணே பேச்சு. மளமளன்னு சொல்லிப்போட்டு அடுத்த ஆளப் பாப்பியா, அத உட்டுட்டு."

"வாய் வரமாட்டேங்குதுங்கண்ணா."

"எனக்கு மட்டும் வந்துச்சா? நான் சொல்லல?"

அவள் டிபன் பாக்ஸை மூடினாள். "எனக்குக் கோடி எடுக்கப் போன எங்கண்ணன், எந்தக் கடைல எடுத்தான்னு எனக்குத் தெரியாதுங்க. அங்க நின்னவங்க பல்ல இளிச்சுட்டு என்ன விசேஷமுன்னு கேட்டிருந்தா அவன் எப்படிங்கண்ணா பஸ்ல வந்து சேந்திருப்பான்?"

"அதையெல்லாம் நெனச்சா புள்ளைக்குச் சோறு ஆக்க முடியாது. இன்னொரு செவப்பு விழுந்தா உன்ன நாளைக்கு யாரு கேப்பா? சொல்லிப்போடு."

"சரிங்கண்ணா, சொல்லிப்போடறனுங்க" என்றாள்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி, மத்தியானம் மூன்று மணி இருக்கும். அக்கா மகன் நிதீஷ் தாராபுரத்திலிருந்து போன் செய்தான். "மாமா, அப்பா போயிட்டாருங்க மாமா. மாரு வலிக்குதுன்னு உக்காந்தவருதானுங்க." வேறு யாரோ போனை வாங்கி, "கோடிக்கு நீங்கதானுங்க, சீக்கிரம் வந்துருங்க" என்றார்கள்.

எனக்கு ஒரே அக்கா, நஞ்சம்மாள். பிறந்த ஊடு என்று அவளுக்கு நான் ஒருவன்தான் பாக்கி.

லீவு சொன்னேன். கடைச் சட்டையைக் கழற்றிவிட்டு என் சட்டையைப் போட்டுக்கொண்டேன். சிங்காநல்லூர் போய் பஸ் பிடித்துத் தாராபுரம் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வேறு கடை தேட நேரமில்லை. கடையாளே வாங்கினாலும் தானே எடுத்துக்கொள்ளக்கூடாது, மேசைக்கு இந்தப் பக்கம் நின்று இன்னொருவர் கையால்தான் வாங்க வேண்டும் என்று எங்கள் கடையில் ஒரு விதி. அதனால் இருபத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக நான் என் மேசைக்கு முன்னால் நின்றேன். அந்தப் பக்கம் சண்முகப்பிரியா நின்றாள்.

"ஒரு சேலை வேணும் அம்மணி" என்றேன். என் கண் தானாகச் சுவருக்குப் போய்விட்டது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், என் சட்டையைப் பார்த்தாள். அவளுக்கு மேலே கேமராவில் அந்தப் பொட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வயசு எத்தனைங்கண்ணா?" என்றாள் மெதுவாக.

"அம்பத்தொம்பது."

இரண்டு சேலை எடுத்து வைத்தாள். பழுப்பில் ஒன்று, சாம்பல் நிறத்தில் ஒன்று. நான் குனிந்து, உதடு அசையாமல், "வாங்கன்னு சொல்லிப்போடு. பாக்கறாங்க" என்றேன். அவள் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. பிறகு தலையைக் குனிந்துகொண்டு பழைய பேப்பரைத் தேடி எடுத்தாள்.

நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அதட்டியிருக்கலாம். என் அதட்டலுக்கு அவள் பயப்படுவாள், சொல்லியிருப்பாள். நான் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவள் பேசாமல் நின்றது எனக்கு வேண்டியிருந்தது. அந்த நாள் முழுவதும் எனக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றுதான். சாம்பல் நிறச் சேலையைக் காட்டினேன். பேப்பரில் சுற்றி, நூல் கட்டி, இரண்டு கையாலும் கொடுத்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். நானும் ஆட்டிவிட்டு இறங்கினேன். பஸ்ஸில் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன், நிம்மதியாக அழுதேன்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்து நாலாம் நாள் வேலைக்கு வந்தேன். என் மேசைக்குப் பின்னால் வேறு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நேராகக் கிஷன் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னான், துக்கம் விசாரித்தான், தண்ணீர் கொடுத்தான்.

"சண்முகப்பிரியா எங்கீங்க?" என்றேன்.

"நிறுத்தியாச்சுங்க. மூணாவது விழுந்துருச்சுங்க."

"அது நான்தானுங்க. அன்னைக்கு வந்தது நானுங்க. கோடிக்கு வந்தனுங்க. கோடிக்கு வந்தவங்கள வாங்கன்னு சொல்லக்கூடாதுங்க. அவ செஞ்சதுதானுங்க சரி. உங்கப்பாவக் கேட்டுப்பாருங்க, இந்தக் கடைல எப்பவுமே அப்படித்தானுங்க."

ஆறு மாதமாக வராத பேச்சு அன்றைக்கு எங்கிருந்தோ வந்தது. வந்து என்ன பிரயோஜனம்.

அவன் பொறுமையாகக் கேட்டான். "எனக்கும் தெரியுமுங்க அண்ணா, எங்க ஊட்லயும் செத்திருக்காங்க. ஆனா பெங்களூர்ல உக்காந்து மார்க் போடறவனுக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. நான் எழுதிக் கேட்டனுங்க. அவங்க இத அனுப்புனாங்க." கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான்.

நான்தான் இருந்தேன். மார்ச் மாதத்து நான். பல்லைக் காட்டிக்கொண்டு கைகூப்பி நிற்கிறேன். எதிரே பல்லடத்துக்காரர். "கோடிக்குங்க" என்று அவர் சொல்வது தெளிவாகக் கேட்டது. "மறுபடியும் வாங்க" என்று நான் சொல்வதும் கேட்டது.

"இவரும் கோடிக்கு வந்தவருதானுங்களே" என்றான் கிஷன். "நீங்க மூணையும் சொல்லியிருக்கீங்க. அவரும் வாரேனுங்கன்னு நல்லபடியாத்தான் பதில் சொல்லிட்டுப் போயிருக்காரு. ஒரே கடை, ஒரே மேசை. உங்களால முடிஞ்சது அந்தம்மாவால ஏன் முடியலீன்னு கேக்கறாங்க. நான் என்னங்க பதில் சொல்லட்டும்?"

கம்ப்யூட்டரை அவன் பக்கமே திருப்பி வைத்தேன்.

"இதே பேச்ச மார்ச்சுலயே வந்து சொல்லியிருந்தீங்கன்னா நான் கையில வெச்சுட்டுச் சண்டை போட்டிருப்பனுங்க" என்றான். நிஜமாகவே வருத்தத்தோடுதான் சொன்னான்.

அந்த நாற்காலியிலிருந்து எழுந்து, என் கணக்கையும் முடித்துவிடுங்கள் என்று சொல்கிற ஆளாக நான் இருந்திருக்க வேண்டும். நானா சொல்வேன்? தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, என் மேசைக்குப் போய் நின்றுகொண்டேன். சண்முகப்பிரியாவுக்குப் போன் செய்தேன். "உடுங்கண்ணா, அக்கா எப்படியிருக்காங்க?" என்று அவள் என்னைக் கேட்டாள். அதற்குப் பிறகு அவளுக்குப் போன் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆடித் தள்ளுபடிக்குப் புதிதாக எட்டுப் பேரைச் சேர்த்தார்கள். மூன்றாவது மாடியில் அவர்களுக்குப் பயிற்சி. பெங்களூர்ப் பெண் இந்தத் தடவை வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை. என் வீடியோ இருக்கிறது. அதைப் பெரிய திரையில் போட்டு, பக்கத்தில் என்னையும் நிற்கவைத்தார்கள், சந்தேகம் இருந்தால் கேட்டுக்கொள்ளலாம் என்று.

வீடியோ ஓடியது. சத்தம் வேண்டாம், முகத்தைப் பார்த்தால் போதும் என்று சத்தத்தை நிறுத்தியிருந்தார்கள். நான் சிரிக்கிறேன். கேட்கிறேன். சேலை வைக்கிறேன். கைகூப்புகிறேன். அந்த மனிதர் ஏதோ சொல்கிறார், பிறகு துண்டை இழுத்து வாயைப் பொத்திக்கொள்கிறார்.

முன்வரிசையிலிருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். பெயர் இனியா என்று அட்டையில் போட்டிருந்தது.

"அண்ணா, அவரு ஏனுங்க வாயப் பொத்தறாரு?"

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். கதவோரம் நின்றிருந்த கிஷனும் பார்த்தான். திரையில் அந்தக் கண்கள் இரண்டும் துண்டுக்கு மேலே அப்படியே நின்றிருந்தன.

"சிரிக்கறாரு கண்ணு" என்றேன்.

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.